பணியிடத்தில் எழுதிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்?: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். விவசாயிகளின் பச்சைத் தேயிலை எடையில் ஈரக் கழிவைக் கழித்து மாதப் பட்டுவாடா கணக்கிடும் மென்பொருளை நானே எழுதினேன். வேலையை விட்டால் எடுத்துச் செல்லலாமா?

பதில்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. அதன் 17-ஆவது பிரிவின்படி, ஊழியர் தம் வேலையின் போக்கில் உருவாக்கியதற்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, நிறுவனமே முதல் உரிமையாளர். மேலாளர் கேட்டுக்கொண்டு, பணி நேரத்தில், தொழிற்சாலைக் கணினியில் எழுதியிருந்தால் அது உங்களுடையதன்று. நிரல் எழுதுவது உங்கள் வேலையே இல்லாதபோது, யாரும் கேளாமல், இரவில் சொந்தக் கணினியில் எழுதியிருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. எப்படியானாலும் விவசாயிகளின் பெயர், எடை விவரங்களில் ஒரு வரியைக்கூட எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: குன்னூரில் வீட்டிலிருந்தே பெங்களூரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறேன். வீடும் மின்சாரமும் என்னுடையவை; அப்படியானால் நிரலும் என்னுடையதுதானே?

பதில்: இல்லை. நீங்கள் அந்நிறுவனத்தின் ஊழியரென்றால், எங்கிருந்து எழுதினாலும் முந்தைய பதிலில் சொன்ன 17-ஆவது பிரிவே பொருந்தும்; மாறான உடன்பாடு ஏதும் உண்டா என்பது நியமன ஆணையில்தான் தெரியும். அதைப் படித்தீர்களா என்பதைக் கடிதத்தில் எங்கும் சொல்லவில்லை. முதலில் அதைப் படியுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிறேன். முன்பதிவு மென்பொருளுக்காக ஓர் இளைஞருக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய் கொடுத்தேன். இப்போது மூலநிரலை (மென்பொருளுக்காக அவர் எழுதிய அசல் வரிகளை) தர மறுத்து, அதையே வேறு விடுதிக்கும் விற்றுவிட்டார்.

பதில்: பணம் கொடுத்ததாலேயே பொருள் தம்முடையதாகிவிட்டது என்று நம்பி வருவோரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்; ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. கால் ஏக்கர் தேயிலைத் தோட்டம் வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்கும் நம் மக்கள், மென்பொருளென்றால் "சாப்ட்வேர் வேலைக்கு" என்று ஒரே வரி எழுதிய ரசீதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த இளைஞர் உங்களிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் அல்லர். வெளியாளாக ஒப்பந்த வேலை செய்தவர். ஆகவே நிறுவனத்துக்குச் சாதகமான 17-ஆவது பிரிவின் அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது. பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. அது உங்களுக்கு மாற வேண்டுமானால் அவர் கையெழுத்திட்ட எழுத்துமூல உரிமை மாற்றம் வேண்டும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். நீங்கள் வாங்கிய மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், பாதுகாப்புக்கு நகலும் வைத்துக்கொள்ளலாம். மூலநிரல் வேண்டுமானால் அவரோடு பேசி, இம்முறையாவது எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: உதகையில் அரசு அலுவலக ஊழியர் நான். மேலதிகாரி சொல்லி எழுதிய மென்பொருள்?

பதில்: வேறு உடன்பாடு இல்லையென்றால் அரசுக்கே சொந்தம்.

கேள்வி: பதிவு செய்தால்தான் பதிப்புரிமை கிடைக்குமா?

பதில்: எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவேடு முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிராக நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக, உதவும். கட்டணம் 500 ரூபாய் அளவில்தான். மூலநிரலின் முதல் 10 பக்கங்களையும் கடைசி 10 பக்கங்களையும் எதையும் மறைக்காமல் இணைக்க வேண்டும். நிறுவனத்துக்குரியதை உங்கள் பெயரில் பதிவு செய்ய முயலாதீர்கள். உரிமை கைமாறிய பிறகும் 'எழுதியவர் நான்' என்று கோரும் தகுதியை 57-ஆவது பிரிவு உங்களுக்கே விட்டுவைத்திருக்கிறது.