கல் சுவரில் ஓதமா? முதலில் சிமெண்டைப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸில் பழைய கல் பண்ணைவீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். வாசலுக்கு மேலே 1684 என்று பொறித்திருக்கிறது. உட்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். சுவரைத் துளைத்து ரசாயனம் செலுத்தினால் நின்றுவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த வட்டாரத்துப் பழைய சுவர் இரட்டைச் சுவர். வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒன்று, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். இரண்டையும் பிணைக்க ஆங்காங்கே நீளக் கற்கள் குறுக்கே கிடக்கும். கனம் ஏறக்குறைய இரண்டடி. ஊற்றும் ரசாயனம் அந்தச் சந்துபொந்துகளில் ஓடி மறையுமே தவிர, ஓதத்துக்குத் தடுப்பாக நிற்காது.

வெளியே போய்க் கல் இடுக்குகளைச் சாவியால் கீறிப் பாருங்கள். பொடிந்து உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. கீறலே விழாமல் சாம்பல் நிறத்தில் இறுகியிருந்தால் சிமெண்ட். பல வீடுகளில் கல் அரித்து உள்வாங்கி, சிமெண்ட் மட்டும் சட்டம்போல் துருத்தி நிற்கும். லீட்ஸ்காரரான ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824-ல்தான். உங்கள் வீடு அதற்கு 140 ஆண்டு மூத்தது. மழையில் நனைந்த சுவர் சாந்து வழியாக உலர வேண்டும். அந்த வழியை அடைத்தால் ஈரம் கல்லைப் பொரியவைக்கும், அல்லது உள்ளறைக்கு வரும்.

முதலில் கூரை விளிம்பின் மழைநீர்க் குழாய்களைச் சரிசெய்யுங்கள். வெளித்தரை உயர்ந்து உள்தளத்தைத் தொட்டிருந்தால் மண்ணை வெட்டி இறக்குங்கள். பாதி ஓதம் இதிலேயே அடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு சிமெண்டை உளியால் பொறுமையாக எடுத்து, சுண்ணாம்புச் சாந்து பூசச் சொல்லுங்கள். அறுக்கும் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். உறைபனிக் காலத்தில் இந்த வேலை ஆகாது. பூசியதை ஈரச் சாக்கால் மூடிக் காக்க வேண்டும். சுவர் முழுதாக உலர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அதுவரை உள்ளே பெயிண்ட் அடிக்காதீர்கள்.

இவ்வளவு பழைய வீடு பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும். அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது, 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் பூங்கா ஆணையத்தையே கேளுங்கள்.

அந்த 1684 கல்லில் மூன்று எழுத்துகளும் இருக்கின்றனவா? வழக்கமாக மேலே இருப்பது குடும்பப் பெயர், கீழே கணவன் மனைவி பெயர்களின் முதலெழுத்து. வேலை முடியும்வரை அதன்மேல் சாக்கு கட்டிவையுங்கள். கம்பித் தூரிகை படவே கூடாது.