வெனிலா எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அமெரிக்காவின் போர்பன் விஸ்கி பற்றி எழுதுபவர்கள் “மூக்கில் வெனிலா, காரமெல், செர்ரி; நாக்கில் இலவங்கப்பட்டை, பதனிட்ட தோல், புகையிலை; நீண்ட முடிவு” என்று அடுக்குகிறார்கள். நானும் ஐஸ் நிரப்பிக் குடித்துப் பார்த்தேன். எரிச்சலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எசன்ஸ் கலக்கிறார்களா, இல்லை எல்லாம் வெறும் அளப்பா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டல்லாஸ்)

பதில்: எசன்ஸ் கலப்பதில்லை. கலந்தால் அமெரிக்கச் சட்டப்படி அது போர்பனே இல்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸிலிருந்து காய்ச்சிய சாராயத்தில் கருக்கிய சர்க்கரை நிறம் சேர்த்த விஸ்கியைப் பார்த்தே பழகிய நமக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் போர்பனுக்கு விதி கடுமை. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். ஊறவைப்பது உள்பக்கம் தீயிட்டுக் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில். ஆல்கஹால் அளவைக் குறைக்கத் தண்ணீர் விடலாம். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது.

அப்படியானால் வெனிலா? மரத்திலிருந்துதான். ஓக் மரத்தில் லிக்னின் என்றொரு பொருள் இருக்கிறது; அது சூட்டில் உடையும்போது வெனிலின் உண்டாகிறது. வெனிலா காயில் மணப்பதும் இதே பொருள்தான். மரத்திலுள்ள சர்க்கரைகள் தீயில் கருகுவதால் காரமெல். அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன் என்ற மணப்பொருள் அதிகம், அது தேங்காய் மணம் தரும். கிராம்பிலுள்ள யூஜினால் ஓக்கிலும் உண்டு. போர்பன் பெருமளவில் தயாராகும் கென்டக்கி மாநிலத்தின் கோடை வெப்பத்தில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகுகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. வருடக்கணக்கில் இப்படிப் போய்வந்து இதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. சில போர்பன்களில் வரும் வாழைப்பழ வாசனைக்கு மட்டும் காரணம் மரமல்ல, ஈஸ்ட்.

ஆக, வெனிலாவும் காரமெலும் கற்பனை இல்லை. ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரே மடக்கில் பன்னிரண்டு பழங்களையும் பழைய அலமாரியையும் கண்டுபிடிப்பவர்களை நானும் நம்புவதில்லை. இன்னொருவர் அதே கிளாஸை முகர்ந்து “ஆமாம்” என்று சொல்லும்படி மூன்று சொல் எழுதினால் போதும். அதைவிட மோசம் “நீண்ட முடிவு” என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது. முடிவு என்பது விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் சுவை. எது நீண்டது? இனிப்பா, காரமா, துவர்ப்பா? அதைச் சொல்லாமல் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு என்ன பயன்?

வைல்ட் டர்க்கி 101 என்ற போர்பனை எடுத்துக்கொள்வோம். 101 என்பது புரூஃப், அதாவது ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு; ஆக ஆல்கஹால் 50.5 சதவீதம். பீப்பாயின் உள்பக்கம் முதலைத் தோல் போல வெடிக்கும்வரை கருக்குகிறார்கள். வாய் குறுகிய கிளாஸில் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, உதடுகளைச் சற்றுத் திறந்தபடி முகர்ந்தால் முதலில் வருவது கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகு. அதற்குப் பின்னால் வெனிலா, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். நாக்கில் பட்டதும் மக்காச்சோளத்தின் இனிப்பு; அது நடுநாக்குக்கு வருவதற்குள் ரை தானியத்தின் மிளகுக் காரம் ஏறிவிடுகிறது. விழுங்கியதும் நெஞ்சில் சூடு பரவும். ‘கென்டக்கி ஹக்’ என்பது இதைத்தான். சூடு அடங்கும்போது இனிப்பு போய்விடுகிறது. மிளகும், ஈறைப் பிடிக்கும் துவர்ப்பும் மட்டும் வெகுநேரம் நிற்கின்றன. அந்தத் துவர்ப்பு மரத்தின் டானின். முடிவு என்று எழுதினால் இவ்வளவாவது எழுத வேண்டும்.

இனி உங்கள் ஐஸ். மணப்பொருள் ஆவியானால்தான் மூக்குக்கு எட்டும்; குளிர்ந்தால் அது எழாது. சுவையில் பெரும்பகுதி மூக்கின் வேலை என்பதால் நாக்குக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஐஸை விட்டுவிட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரிச்சல் தணியும், வாசனை எழும். கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக இழுக்காதீர்கள். ஆல்கஹால் மூக்கை மரக்கடித்துவிடும்.

அப்புறம், உங்கள் ஊரில் மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பன் எளிதில் கிடைக்கும். அதில் ரைக்குப் பதில் கோதுமை, ஆல்கஹால் 45 சதவீதம். அதையும் வைல்ட் டர்க்கியையும் அரை அவுன்ஸ் அருகருகே ஊற்றி, கோதுமைப் போர்பனை முதலில் சுவையுங்கள். அடுத்ததற்குப் போகும்போது மிளகுக் காரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது புரியும். அதற்குப் பிறகும் வெறும் எரிச்சல்தான் என்றால் மறுபடி எழுதுங்கள்.