கேரள எல்லையோரமாக மலை, உள்ரோடு, கடற்கரை மூன்றும் வருமாறு பைக்கில் போக எந்த வழி நல்லது?

கேள்வி கேட்டவர் கோவையில் இருந்து கிளம்புவதாகவும், கையில் ஒரு வாரம் இருப்பதாகவும், வண்டி 150 சிசி என்றும் எழுதியிருக்கிறார். நான் குமுளிக்காரன். எங்கள் ஊரில் தமிழ்நாட்டு பஸ் நிற்கும் இடம் வேறு, கேரள பஸ் நிற்கும் இடம் வேறு. நடுவில் செக்போஸ்ட். அதனால் இந்த எல்லையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்று. பாலக்காடு வழியாக நேராகக் கொச்சி, அங்கிருந்து கடலோரமாகத் திருவனந்தபுரம் என்று தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள். அது லாரியோடு போகும் பாதை. இந்த எல்லையின் அழகு முழுக்கக் கணவாய்களிலும், மலையேறி எல்லை கடக்கும் மெட்டுகளிலும்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை மலை மறிப்பதால் மேற்கே பச்சையும் ஈரமும், கிழக்கே வெயிலும் முள்காடும். அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் மண், பயிர், காற்று, டீக்கடைப் பலகாரம் எல்லாம் மாறிவிடும். ஒரே முறை கடந்தால் இது பிடிபடாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போக வேண்டும். அப்படி ஒரு வழியைத்தான் சொல்கிறேன்.

கோவையில் இருந்து உடுமலைப்பேட்டை வந்து அங்கேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். அமராவதி அணைப் பக்கம் திரும்பாமல் நேரே போனால் ஒன்பதாறு செக்போஸ்ட், அப்புறம் காடு, அப்புறம் சின்னாறு. விடியற்காலையில் உடுமலையை விட்டுக் கிளம்புவது நல்லது. பொழுது சாயும் நேரத்தில் போனால் பைக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், யானை நடமாடும் இடம். கேரளா என்றாலே பசுமை என்று நினைத்து வருகிறவர்களுக்குச் சின்னாறு ஆச்சரியமாக இருக்கும். மழை மறைவுப் பகுதி, முள்ளும் கள்ளியும்தான். சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் காடு இது.

மறையூரில் அவசரப்படாதீர்கள். ரோட்டோரம் கம்பிவேலிக்குள் நிற்பது சந்தனமரங்கள். பாறைமேல் கல்பலகை வைத்துக் கட்டிய முனியறைகள் இருக்கின்றன, பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். இரண்டையும்விட எனக்குப் பிடித்தது வெல்ல ஆலைகள். கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஓலைக்கொட்டகை, உள்ளே பெரிய கொப்பரை, அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கை. சாறு கொதித்துப் பாகாகும்போது கொட்டகை முழுக்க வாசனை. பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு தாங்கும் பதத்தில் கையாலேயே உருட்டுவார்கள். உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் விரல் தடம் பதிந்திருக்கும். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேச்சு தமிழ்தான். நான் வாங்கிப் பையில் போடப் போனபோது ஆலைக்காரர், "ஆறட்டும் தம்பி, இப்பவே கட்டினா இளகிப் போயிரும், உக்காந்து ஒரு டம்ளர் சாறு குடிச்சிட்டுப் போங்க" என்றார். உட்காருங்கள். இந்தப் பயணத்தில் உட்கார வேண்டிய இடம் அது.

மறையூரை விட்டு ஏற ஏறக் குளிரும், தேயிலை வரும். லக்கம் அருவி, ராஜமலை, அப்புறம் மூணாறு. இரவிகுளம் தேசியப் பூங்கா போக நினைத்தால் காலண்டரைப் பாருங்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். குறிஞ்சி பூத்தது 2018இல், அடுத்தது 2030. மூணாறு டவுனில் நான் தங்கச் சொல்லமாட்டேன். கூட்டம், ஹாரன், கார் வரிசை. டீ குடித்துவிட்டுத் தேவிகுளம் பக்கம் போய்விடுங்கள்.

ராஜமலைக்கு உள்ளே தள்ளி இருக்கிறது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மண்சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், புதைந்தன. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரரையோ தெரிந்தவரையோ இழந்தவர்கள் நிறைய. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடுக்கி மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் என்று சொன்னால் அது வெறும் செய்தி இல்லை. அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். அறை வாடகை ஒரு நாள் கூடப் போனால் போகட்டும்.

மூணாறில் இருந்து கேப் ரோடு, பெரியகானல், ஆனையிறங்கல், பூப்பாறை, போடிமெட்டு. கொச்சியில் இருந்து மதுரை வழியாகத் தொண்டி போகும் 85ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை இது. கேப் ரோட்டில் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் தேயிலை விரிந்து கிடக்கும். மழைநாளில் பாறைச் சுவருக்குக் கீழே வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டாம், கல் விழும். பூப்பாறையில் தேயிலை முடிந்து ஏலக்காய் ஆரம்பிக்கும். மரநிழலுக்குக் கீழே ஆளுயரச் செடி, எப்போதும் ஈரம்.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் ஒரே விதி: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டாதீர்கள், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவுக்கு முன்னால் ஒரு ஹாரன். இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதது, ஜீப் நேரம். தேனி மாவட்டத்தில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் காலையில் மேலே போகும், சாயங்காலம் கீழே வரும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற வேகத்தில் வருவார்கள். போடிமெட்டும் கம்பம்மெட்டும் இந்த இரண்டு நேரத்திலும் உங்களுக்கானது இல்லை. பத்து மணிக்குமேல் இறங்குங்கள், ரோடு காலியாக இருக்கும், கீழே போடியும் சமவெளியும் தெளிவாகத் தெரியும்.

போடியில் இருந்து கம்பத்துக்கு மெயின் ரோட்டில் போகாமல் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாகப் போங்கள். வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர். உத்தமபாளையம் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சையைத் தோட்டத்திலேயே வாங்கலாம்.

கம்பத்தில் மறுபடி ஏற்றம், கம்பம்மெட்டு. குறுகலான ரோடு, நல்ல காடு. மேலே போய்ப் புத்தடி, அணக்கரை வழியாகக் குமுளி வரலாம். மலையில் விளையும் ஏலக்காய் ஏலத்துக்கு வருவது புத்தடிக்கும் கீழே போடிக்கும்தான். அணக்கரை பக்கம் செல்லார்கோவில் முனையில் நின்றால் நீங்கள் சற்றுமுன் ஓட்டிவந்த பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும்.

எல்லை மனிதர்களுக்குத்தான். சின்னக்கானலில் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது இறங்கிக் கம்பம் தெருவுக்குள் வந்துவிட்டது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு பக்கம் கொண்டுபோய்விட்டது. ரோட்டில் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்துக் காட்டாதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, பஸ்ஸோ ஜீப்போ வரும்வரை காத்திருங்கள். இருட்டில் இந்த ரோடுகளில் பைக் ஓட்டவே வேண்டாம்.

குமுளி வந்தால் தேக்கடி படகுக்கு முன்னால் லோயர் கேம்ப் இறக்கம் ஒரு முறை போய்வாருங்கள். தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் தெரியும். மேற்கே ஓடிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்றை அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895இல். அந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் நீங்கள் பார்த்த நெல் வயலும் தென்னந்தோப்பும் அந்தத் தண்ணீர்தான்.

அடுத்தது வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம், இறங்கி முண்டக்கயம், எருமேலி, ரான்னி, கோன்னி, புனலூர். ரப்பர் காடு, மேடு பள்ளம், சின்னச் சின்ன டவுன். ஓட்டச் சுகமான ரோடு, நிற்க வேண்டிய இடம் குறைவு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டி நிறைந்திருக்கும். அப்போது இந்தத் துண்டை விட்டுவிடுங்கள். புனலூரில் 1877இல் கட்டிய தொங்குபாலம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

புனலூரில் இருந்து கிழக்கே திரும்பித் தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை. கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டியே பதின்மூன்று கண்ணறைப் பாலம், அதாவது பதின்மூன்று வளைவு வைத்த பாலம், கொல்லம் செங்கோட்டை ரயிலுக்காக நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் எழுப்பியது. லாரி நிறைய வரும் ரோடு, புளியரை எஸ் வளைவில் பொறுமை வேண்டும். வளைவு தாண்டினதும் கீழே பச்சை வயலும் தென்னையும் விரியும். இந்தக் கணவாய் வழியாகத்தான் குற்றாலத்துக்குச் சாரல் வருகிறது. ஆனி, ஆடியில் வந்தால் மழைக்கோட்டைக் கழற்றவே முடியாது. பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுத் தென்காசியில் தங்குங்கள். செங்கோட்டைப் பகுதியும் கன்னியாகுமரி மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. அதனால் இந்தப் பக்கத்துப் பேச்சிலும் சாப்பாட்டிலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

தென்காசியில் இருந்து கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு என்று மலையடிவாரமாகவே தெற்கே போகலாம். ஆரல்வாய்மொழியில் மலை கிட்டத்தட்ட முடிகிறது. கடைசிக் கணவாய் அதுதான். முப்பந்தலில் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பது வண்டியில் வந்தால் புரியும். பக்கவாட்டுக் காற்று 150 சிசி வண்டியை ஓரமாகத் தள்ளும். லாரியை ஒட்டிப் போகும்போது காற்று சட்டென்று நின்று, தாண்டியதும் மறுபடி அறையும். முழங்காலால் டேங்க்கை இறுக்கிக்கொண்டு, கையைத் தளர்வாக வைத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் போதும்.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்புங்கள். மணக்குடி, முட்டம், மண்டைக்காடு, குளச்சல், இனயம், தேங்காய்ப்பட்டணம், தூத்தூர், நீரோடி. நீரோடியோடு தமிழ்நாடு முடிந்து பொழியூர், பூவாறு. நெடுஞ்சாலை இல்லை இது, ஊர் ஊராகப் போகும் ரோடு. ஒவ்வொரு ஊரிலும் கடலைப் பார்த்து ஒரு பெரிய தேவாலயம், அதன் முன்னால் வலை பின்னும் ஆட்கள். முட்டத்தில் செம்மண் மேடும் கலங்கரை விளக்கும். குளச்சலில் 1741இல் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் படை வென்றதற்கான தூண். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடல் போய் வாரக்கணக்கில் இருப்பவர்கள், 2017 ஒக்கிப் புயலில் இந்தக் கரை நிறையப் பேரை இழந்தது. ஊருக்குள் மெதுவாகப் போங்கள், கேட்காமல் ஆட்களைப் போட்டோ எடுக்காதீர்கள். ஆனி, ஆடியில் கடல் ரோடு வரை ஏறும். அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவுக் கற்கள் போட்ட இடத்திலும் ரோடு அறுந்திருக்கலாம், அங்கங்கே விசாரித்துக்கொண்டு போங்கள்.

150 சிசி தாராளமாகப் போதும். கிளம்பும் முன் பிரேக் பேட், செயின், இரண்டு டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள், கேரளத்தில் 2023 ஜூனில் இருந்து ரோட்டோரக் கேமராவே அபராதம் போடுகிறது. மாதம் என்று கேட்டால் புரட்டாசி, இல்லாவிட்டால் தை. புரட்டாசியில் மேற்கே மழை ஓய்ந்து அருவிகளில் தண்ணீர் இருக்கும். தையில் வானம் தெளிவு, ஆனால் மூணாறில் விடியற்காலைக் குளிருக்குக் கையுறை இல்லாமல் கிளட்ச் பிடிக்க முடியாது. ஒரு வாரத்தில் எல்லாம் முடியாது என்று தோன்றினால் ரான்னி, கோன்னித் துண்டையும் கன்னியாகுமரி டவுனையும் விடுங்கள். மறையூரையும் போடிமெட்டையும் விடாதீர்கள்.