ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து: கூடைப்பந்து வாசகர்களுக்குப் பதில்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை: எங்கள் பெண்கள் அணியில் உயரமானவர்கள் இல்லை. ரீபவுண்ட் (ரிங்கிலோ போர்டிலோ பட்டுத் திரும்பும் பந்து) எல்லாம் எதிரணிக்கே போகிறது. என்ன செய்வது?

உயரத்தைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். 2.01 மீட்டர் உயரமே கொண்ட டென்னிஸ் ராட்மன், தம்மைவிட நெடியவர்கள் நிறைந்த, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்டில் முதலிடத்தில் இருந்தார். எதிரணி பந்தை எறிந்ததும் உங்கள் மாணவிகள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஐவரும் அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் நொடியில் பார்க்க வேண்டியவர் அருகிலிருக்கும் எதிராளிதான். அவர் வரும் வழியில் ஓர் அடி வைத்து, அந்தக் காலிலேயே சுழன்று, முதுகால் அவரை உணர்ந்தபடி, முழங்காலை மடக்கி அகலமாக நின்ற பிறகே பந்தைத் தேட வேண்டும். இந்த பாக்ஸ் அவுட்டைப் பழக்க ரிங்கே தேவையில்லை. நடுவட்டத்தில் பந்தைத் தரையில் வைத்து, ஒருத்தி மற்றவளை ஐந்து நொடி அதைத் தொடவிடாமல் முதுகால் மறிக்கட்டும். கையால் பிடித்தாலும் இடுப்பால் தள்ளினாலும் ஃபவுல் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேலந்தாவளம் வாசகர்: ஆடிக் காற்றில் திறந்தவெளி கோர்ட்டில் பந்து எங்கே விழும் என்றே தெரிவதில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. காற்றை எதிர்த்து எறிந்த பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுக் கிட்டத்திலேயே விழும். காற்றோடு போனது போர்டில் மோதி நீளமாகத் தெறிக்கும். ஆட்டத்துக்கு முன் மூலைகளிலிருந்து பத்துப் பந்துகள் எறியச் சொல்லி, விழும் இடங்களை மாணவர்களையே கவனிக்க வையுங்கள்.

சித்தூர் கல்லூரி மாணவர்: ரீபவுண்ட் கிடைத்தும் எங்களுக்கு ஃபாஸ்ட் பிரேக் (எதிரணி திரும்பித் தடுக்குமுன் நடத்தும் வேகத் தாக்குதல்) அமைவதில்லை.

பந்தைப் பிடித்தவர் அதை இடுப்புக்கு இறக்குகிறார் என்பது என் ஊகம். அங்கேதான் சிறிய கைகள் தட்டிப் பறிக்கும். பந்து தாடைக்குக் கீழேயே இருக்க வேண்டும், முழங்கைகள் விரிந்திருக்க வேண்டும். காற்றில் இருக்கும்போதே அருகிலுள்ள பக்கக்கோட்டை நோக்கி உடலைத் திருப்பிக்கொண்டு இறங்கினால், தரையைத் தொட்ட மறுகணமே அவுட்லெட் பாஸ், அதாவது தாக்குதலைத் தொடங்கும் முதல் பாஸ், போய்விடும். அதை வாங்கும் கார்டு (பந்தை முன்னே கொண்டுசெல்பவர்), ஃப்ரீ த்ரோ கோட்டின் நேரே, பக்கக்கோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சொந்த ரிங்கின் அடியில் குறுக்கே பாஸ் கொடுப்பதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. அது தவறினால் எதிரணிக்கு இலவச லே-அப் (ரிங்கின் அருகிலிருந்து எளிதாகப் போடும் பந்து). பின்னர் பந்து நடுவே வர, இரு ஓரங்களிலும் ஓடுபவர்கள் கோட்டை ஒட்டியே ஓடி, எதிர்ப்பக்க ஃப்ரீ த்ரோ கோட்டை எட்டும்போதுதான் ரிங்கை நோக்கித் திரும்ப வேண்டும். எல்லோரும் பந்தின் பின்னால் ஓடினால் ஒரே தடுப்பாளர் மூவரையும் தடுத்துவிடுவார்.

அதே வாசகர்: இருவர், எதிரே ஒருவர் என்றால்?

தடுப்பாளர் உங்கள் மீது பாயும் வரை டிரிபிளை நிறுத்தாதீர்கள். பாய்ந்ததும், தரையில் பட்டு எழும் பவுன்ஸ் பாஸ். பாயாவிட்டால் நீங்களே லே-அப்.

வாளையாறு வாசகர்: எதிரணியின் ரிங்கடியில் ரீபவுண்டுக்கு எத்தனை பேரை அனுப்பலாம்?

மூவர் போதும். நான்காமவர் ஃப்ரீ த்ரோ கோட்டருகில் நீளமாகத் தெறிப்பதற்காகக் காத்திருக்கட்டும்; ஐந்தாமவர் பந்து எறியப்பட்ட உடனேயே நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ரிங்கைத் தொட்ட பந்தை நீங்கள் மீண்டும் கைப்பற்றினால், அடுத்து எறிய 24 நொடி அல்ல, 14 நொடிதான் கிடைக்கும் என்பதால், பந்தை உடனே வெளியே எடுத்து ஆட்டத்தை அமைக்கப் பழகுங்கள்.