படுத்துப் பார்த்த இடம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. வரும் அரையாண்டு விடுமுறையில் ஓர் இரவாவது அவர்களைக் கூடாரத்தில் படுக்கவைக்க ஆசை. வீடியோக்கள் பார்த்துப் பட்டியல் போட்டிருக்கிறேன்: கூடாரம், காற்றடைக்கும் மெத்தை, ஸ்லீப்பிங் பேக், கேஸ் அடுப்பு, தொங்கும் விளக்கு. இடமும் பார்த்தாயிற்று. ஆனைமலை அடிவாரத்தில் ஓர் ஓடை, நடுவே மெத்தை மாதிரி மணல் திட்டு. குண்டடம் பக்கம் மாமனாருக்கு நாலு ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது, ஆனால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. சிறுவயதில் ஆட்டுப்பட்டியில் படுத்துக் கிடந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள். மூன்று பேர் கூடாரம் வாங்கலாமா, நான்கு பேர் கூடாரமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

போன வாரம் பரணை ஒழித்தபோது எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், கருங்கம்பளி கிடைத்தது. பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. மீதியை உதறி வெயிலில் போட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் கூடாரம் வாங்க யோசனை கேட்பவருக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது கடைக்காரர் எழுதித் தந்தது மாதிரி இருக்கிறது. தொங்கும் விளக்கு ஊர்ப்பட்ட பூச்சியைக் கூப்பிடும். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று போதும். கேஸ் அடுப்பு இருக்கட்டும், ஆனால் எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். துணி தீப்பிடிப்பது ஒருபக்கம். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். கூடாரத்தில் எழுதியிருக்கும் ஆள்கணக்கு தோளோடு தோள் உரசிப் படுக்கும் கணக்கு. பைகளுக்கு அதில் இடமில்லை. அப்புறம் உங்கள் இஷ்டம்.

மணல் திட்டு. இதற்குத்தான் உங்களைத் திட்டவேண்டும்.

ஓடை நடுவில் அவ்வளவு மணல் எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? தண்ணீர் கொண்டுவந்து போட்டது. போட்ட தண்ணீர் மறுபடி வரும். நம் பக்கத்தில் ஓடைக்குப் பெயரே பள்ளம். மழைக்காலத்தில் "பள்ளம் வந்திருச்சு" என்பார்கள், எங்கேயோ ஊருக்குப் போயிருந்தது திரும்பி வந்த மாதிரி. கல்லூரி முடித்த வருஷம் ஐப்பசியில் நாங்கள் நாலு பேர் அப்படி ஒரு பள்ளத்து மணலில் படுத்தோம். தலைக்கு மேல் நட்சத்திரம், ஒரு சொட்டு மழை இல்லை. மழை மலையில் பெய்திருக்கிறது. இரண்டு மணி இருக்கும், முதுகு நனைந்தது. வியர்வை என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். புரண்ட பக்கமும் நனைந்தது. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது எங்கள் சோற்றுப் பாத்திரம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. செருப்பில்லாமல் ஐந்து மைல் நடந்து பஸ் பிடித்தோம். நாலு பேரும் தடித்தடியான ஆட்கள். ஏழு வயதுப் பையன் யாரும் எங்களோடு இல்லை.

வெள்ளமே வராது என்று வையுங்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துத் தாழ்வான இடத்துக்கு இறங்கும். மேட்டில் இருப்பவனைவிடப் பள்ளத்தில் படுப்பவன்தான் அதிகம் நடுங்குவான். இருட்டினபின் தண்ணீருக்கு வருகிறவர்கள் யார் என்று ஆனைமலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். காட்டுக்குள் அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றமும்கூட. காடுதான் பார்க்கவேண்டும் என்றால் தமிழ்நாடு அரசு 2024-இல் 40 வழிகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போய் வாருங்கள். படுக்கையை அங்கே விரிக்காதீர்கள்.

கொறங்காட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே குடை பிடித்த வெள்வேல மரம், காலடியில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு திமிலோடு நிற்பதே அந்தப் புல்லைத் தின்றுதான். மாமனார் வீட்டுக்கு இத்தனை வருஷமாகப் போய் வந்து நீங்கள் எதைப் பார்த்தீர்களோ தெரியவில்லை.

எங்கள் அப்பாரு அந்த மாதிரிக் காட்டில்தான் பட்டி போடுவார். பொழுது இருக்கும்போதே படலை நட்டு ஆட்டை அடைக்கும் வேலை முடிந்துவிடும். அப்புறம் அவர் ஒரு காரியம் செய்வார். ராத்திரி படுக்கப்போகும் இடத்தில் வெறும் தரையில் துண்டை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சநேரம் படுத்துக் கிடப்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறேன். சிலசமயம் எழுந்து, நாலடி தள்ளி மறுபடி படுப்பார். ஒருநாள் கேட்டதற்கு, "பகல்ல படுத்துப் பாக்காத எடத்துல ராத்திரி படுக்கக் கூடாது கண்ணு" என்றார்.

இதை மட்டும் நீங்கள் செய்தால் போதும், கடிதத்தின் மற்றதையெல்லாம் மறந்துவிடலாம். கூடாரத்தைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே படுத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற நிலம் முதுகுக்குச் சமமாக இருக்காது. சரிவு இருந்தால் நடுச்சாமத்தில் நாலு பேரும் ஒரு மூலையில் குவிந்து கிடப்பீர்கள். லேசான சரிவுதான் என்றால் தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள். மாற்றி வைத்தால் காலையில் தலைவலியோடு எழுவீர்கள். புளியங்கொட்டை அளவு கல் ராத்திரி மூன்று மணிக்கு ஆட்டுக்கல் ஆகிவிடும். எறும்புப் புற்று படுத்தால்தான் தெரியும். மல்லாந்து படுத்தால்தான் தலைக்கு நேர்மேலே காய்ந்த கிளை ஒன்று தொங்குவதும் தெரியும். காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்று பாருங்கள், வாசலை எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்து, அந்த மேற்குக் காற்று, கூடாரத்தைத் தூக்கி வேலியில் மாட்டிவிடும். நீங்கள் போகும் மார்கழியில் அந்தத் தொல்லை இல்லை, வடகிழக்கே இருந்து வாடைதான். பிள்ளைகளையும் படுக்கவையுங்கள். அவர்கள் முதுகு உங்கள் முதுகைவிட நேர்மையானது.

கம்பளிக்கு வருகிறேன். கயிற்றுக் கட்டில் அப்பாருவுக்குச் சித்திரை வைகாசியில்தான். மார்கழி வந்தால் கட்டிலை மரத்தில் சாத்திவிட்டுத் தரைக்கு இறங்கிவிடுவார். ஊரே குளிருக்குக் கட்டில் தேடும்போது இவர் மட்டும் ஏன் இறங்குகிறார் என்று எனக்குப் புரியாது. சோளத்தட்டைச் சாண் உயரத்துக்குப் பரப்பி, மேலே சாக்கு, அதன் மேல் கம்பளியில் ஒரு மடிப்பு. மிச்ச மடிப்புதான் போர்த்திக்கொள்ள. நான் முழுக் கம்பளியும் மேலே வேண்டும் என்று அடம்பிடித்தேன். "உன்ற இஷ்டம்" என்று கொடுத்துவிட்டு, தட்டில்லாத பக்கம் கையைக் காட்டினார். தலைமுதல் கால்வரை சுருட்டிக்கொண்டும் பல் தந்தியடித்தது. கோழி கூப்பிடும் நேரத்துக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கம்பளியை உருவினார். நாலாக மடித்து எனக்கு அடியில் தள்ளினார். மேலே அவருடைய ஒற்றைத் துண்டைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடாகி, விடிந்தும் எழாமல் தூங்கினேன்.

மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் குளிரைத் தாங்கும். உடம்பின் சூட்டைக் காற்றைவிட மண் வேகமாக இழுக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் சூட்டைப் பிடித்துவைப்பது பஞ்சுக்கு நடுவே நிற்கும் காற்றுதான். உங்கள் எடை ஏறியதும் முதுகுப் பக்கத்துப் பஞ்சு நசுங்கி, அந்தப் பக்கம் வெறும் துணியாகிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கப்போகிற காற்று மெத்தையும் கயிற்றுக் கட்டில்தான். கட்டிலுக்கு அடியில் காற்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோகும், அதனால்தான் அப்பாரு தரைக்கு இறங்கித் தட்டைப் பரப்பினார். மெத்தைக்கு உள்ளே பெரிய அறையில் காற்று புரண்டு புரண்டு சூட்டைத் தரையில் கொண்டுபோய்க் கொட்டும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் அதன் மேல் ஒரு கம்பளி விரியுங்கள். ஈரமானாலும் கம்பளி கொஞ்சம் சூடு காக்கும், பருத்தி காக்காது. அதனால்தான் ஓடியாடி வியர்த்த பனியனோடு பிள்ளைகளைத் தூங்கவிடக் கூடாது. பனியன் கம்பெனிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கூடாரத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாருவிடம் இல்லாதது உங்களிடம் இருப்பது அடித்துணியும் ஜிப்பும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை சரிவது என்று தொடங்கும். அப்படி ஏதாவது சந்தேகம் வந்தால் கட்டாமல், கீறாமல் நேராக அரசு ஆஸ்பத்திரி. ஜிப்பை எப்போதும் முழுக்க இழுத்து மூடுங்கள், ஆனால் வலை ஜன்னல்களின் துணியைச் சுருட்டித் திறந்துவையுங்கள். நாலு பேர் மூச்சும் வெளியே போகாவிட்டால் காலையில் கூரையிலிருந்து சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.

நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடும் யோசனை இருந்தால் களத்தில் செய்யுங்கள். மார்கழியில் கொழுக்கட்டைப் புல் காயத் தொடங்கியிருக்கும். காய்ந்த புல்லில் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். உங்களுக்கு நினைவிருக்கும்.

மாமனாரிடம் எங்கே படுக்கலாம் என்று கேளுங்கள். அவர் கை நீட்டுகிற இடத்தில் எல்லாரும் ஒருதரம் படுத்துப் பார்த்துவிட்டு, சோளத்தட்டு நாலு கட்டு கேளுங்கள். மாட்டுத் தீனியை விரித்துப் படுப்பதா என்று முணுமுணுப்பார். காலையில் உதறி மாட்டுக்கே போட்டுவிடுகிறோம் என்று சொல்லுங்கள். எங்கள் மாடுகள் முகர்ந்து பார்த்துக் கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் தின்றுவிடும்.