ஒரே புடவை, மூன்று நிகழ்ச்சிகள்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். தீபாவளி, கார்த்திகையில் தோழியின் திருமண வரவேற்பு, அலுவலகப் புத்தாண்டு விருந்து ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் ஒரே புடவையாகக் காஞ்சிபுரம் பட்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கனமான சரிகையிட்ட காஞ்சிபுரம் பட்டு வரவேற்புக்கு மிக அழகுதான். ஆனால் அதை அலுவலக விருந்துக்கு உடுத்த உங்களுக்கே தயக்கம் வரும் என்பதோடு, வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் பட்டில் நீர்க்கறை படிந்துவிடுமோ என்ற கவலையும் கூடவே இருக்கும். ஆகவே பட்டும் பருத்தியும் கலந்து நெய்யப்படும் கோவை கோரா காட்டனையே நான் பரிந்துரைப்பேன். புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைத்தறிப் புடவை எடை குறைந்தது; இதன் மெல்லிய பளபளப்பு பகலில் அடக்கமாகவும் விளக்கொளியில் எடுப்பாகவும் தெரியும்.

அரக்கு அல்லது மயில்கழுத்து நிறத்தில், புடவையின் உடல் பகுதியில் பெரிய உருவங்கள் இல்லாமல், மூன்று விரல் அகலச் சரிகைக் கரையோடு தேர்ந்தெடுங்கள்.

புடவையைப் புதிதாகக் காட்டுவது ரவிக்கையே என்பது என் உறுதியான கருத்து. புடவையோடு வரும் ரவிக்கைத் துணியைத் தீபாவளிக்கும், மாறுபட்ட நிறப் பட்டில் ஆரி வேலைப்பாடு (கொக்கி ஊசியால் செய்யும் பூத்தையல்) செய்ததை வரவேற்புக்கும், முழங்கை வரை நீண்ட கலம்காரி (கையால் வரைந்த அல்லது அச்சிட்ட ஓவியத் துணி) ரவிக்கையை அலுவலகத்துக்கும் தைத்துக்கொண்டால், பார்ப்பவர்களுக்கு மூன்று புடவைகளாகவே தோன்றும். பண்டிகை நெருங்கினால் தையற்காரர்கள் புதுத் துணி வாங்க மறுப்பார்கள் என்பதால், ஒரு மாதத்திற்கு முன்பே, ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உட்புறம் வைக்கும் துணிப்பட்டை) தைக்க வேண்டிய புடவையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வாசனைத் திரவியம் மட்டும் சரிகையின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சரிகை கறுத்துவிடும்.