மருந்துக் கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி பல்பைப் பாருங்க: குஞ்சு கேள்வி பதில்

இந்தத் தடவ கோழிக்குஞ்சு பத்தி வந்த கேள்விய மட்டும் ஒண்ணா சேத்திருக்கேன். முக்காவாசிப் பேர் கேட்டது "எந்த மருந்து குடுக்கறது"ன்னு தான். ஆனா பொரிச்ச முதல் வாரத்துல போற குஞ்சுங்கள்ல நெறைய குளுருலயும் தாகத்துலயும் தான் போகுது, அதுக்கு எந்தக் கடையிலயும் மருந்து கெடையாது.

அண்ணா, ஒடுகத்தூர்ல இருக்கேன். 50 சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) குஞ்சு இன்குபேட்டர்ல பொரிச்சு, அட்டைப் பொட்டில எல்இடி பல்பு போட்டு வெச்சேன். மூணாவது நாள் காலைல பாத்தா மூலைல 9 செத்து கெடக்குது. இன்னா மருந்து குடுக்கலாம்?

தம்பி, எல்இடில வெளிச்சம் தான் வரும், குஞ்சுக்குப் பத்தற சூடு வராது. குளுரு தாங்காம எல்லாம் மூலைக்குப் போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அடில மாட்டினது மூச்சு முட்டி செத்திருக்கு, அதுங்களுக்கு நோயே இல்ல. இன்னிக்கே பழைய குண்டு பல்பு 60 வாட்ல ரெண்டு வாங்கு, ஒரு குஞ்சுக்கு 2 வாட்னு கணக்கு வெச்சுக்கோ. ஒரே 100 வாட் போட்டா அது நடுராத்திரி பியூஸ் போச்சுன்னா மொத்தமும் போயிடும், அதுக்குத் தான் ரெண்டு. தரையிலேர்ந்து ஒண்ணு ஒண்ணரை அடி உயரத்துல தொங்கவிடு, பொட்டிய தூக்கிப் போட்டுட்டு தகரமோ அட்டையோ வட்டமா வளைச்சு கட்டு, மூலைன்னு ஒண்ணு இருக்கவே கூடாது.

முதல் வாரம் குஞ்சு முதுகு உயரத்துல 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேணும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி கொறைச்சுட்டே வா. தெர்மாமீட்டர் இல்லன்னா குஞ்சே சொல்லும். பல்புக்கு அடில குவிஞ்சு கூரா கத்திட்டே இருந்தா குளுரு, பல்ப விட்டு வெலகி றெக்கைய தொங்கப்போட்டு வாயத் தொறந்து மூச்சு விட்டா சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கினா எங்கியோ காத்து வருது. பரவலா படுத்துட்டு மெதுவா கொஞ்சற மாதிரி சத்தம் போட்டா நிம்மதியா தூங்கப் போ.

இன்னொண்ணு, குஞ்ச கைல எடுத்து அதோட காலை உன் கன்னத்துல வெச்சுப் பாரு. ஜில்லுனு இருந்துச்சுன்னா வேற யோசனையே வேணாம், சூடு பத்தல. எங்க வீட்ல மொதல் பேட்ச்ல ராத்திரி கரண்ட் போயி காலைல 17 குஞ்சு வெறச்சு கெடந்துச்சு, இன்னும் அது மனசுல இருக்கு. அன்னிலேர்ந்து ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவ போயி கால் தொட்டுப் பாக்காம நான் தூங்கறதில்ல.

தொவண்டு கெடக்கறத உள்ளங்கைல பொத்தி மொதல்ல சூடேத்து, அப்புறம் வெதுவெதுப்பான வெல்லத் தண்ணி ஒவ்வொரு சொட்டா அலகு ஓரத்துல வை, அதுவா நக்கிக் குடிக்கட்டும். வாயத் தொறந்து ஊத்தினா நுரையீரலுக்குப் போயி செத்துடும்.

குடியாத்தம் பக்கம் அண்ணா. குஞ்சுங்களுக்கு பின்னாடி எச்சம் ஒட்டி அடைச்சுக்குது, முக்கிட்டே நிக்குது.

தங்கச்சி, வெதுவெதுப்பான தண்ணில பஞ்ச நனைச்சு ஊற வெச்சு மெதுவா எடும்மா, காஞ்சத பிச்சு இழுத்தா தோலோட வந்துடும். தொடைச்சுட்டு கொஞ்சம் தேங்கா எண்ணெய் தடவி, நல்லா காஞ்சப்புறம் உள்ள விடு. வயித்துப் பக்கம் தொப்புள்ல காஞ்ச நூல் மாதிரி இருக்கும், அத எச்சம்னு நெனச்சு இழுத்துடாத. சூடு கூடக்கொறைய இருந்தாலும், தூரத்துலேர்ந்து வண்டில வந்த அலைச்சல்லயும் இது வரும். நாலஞ்சு குஞ்சுக்கு மேல வெள்ளையா கழிஞ்சு சாகவும் செஞ்சா டாக்டர்கிட்ட காட்டிடு, முட்டை வழியா வர்ற கிருமியா இருக்கலாம்.

போளூர்லேர்ந்து கேக்கறேன் சார். வாங்கின குஞ்சுல சிலது வயிறு உப்பி, தொப்புள் கருப்பா ஈரமா நாத்தம் அடிக்குது.

இது உங்க புரூடர்ல (பல்பு போட்டு குஞ்சு வளக்கற எடத்துல) வந்தது இல்ல சார், பொரிச்ச எடத்துல வந்தது. எச்சம் ஒட்டின முட்டை, கழுவாத தட்டு, அதுலேர்ந்து கிருமி தொப்புள் வழியா ஏறி உள்ள இருக்கற மஞ்சக்கரு அழுகிடுது. உண்மைய சொல்லணும்னா வயிறு உப்பி நாத்தம் வந்தப்புறம் பொழைக்கறது ரொம்பக் கஷ்டம், எனக்கும் ஒரு எடத்துல வாங்கின பேட்ச் இப்பிடித் தான் போச்சு. உடனே தனியா பிரிச்சுடுங்க. தொப்புள் லேசா ஈரமா மட்டும் இருக்கறதுக்கு பொவிடோன் அயோடின் தொட்டு வைங்க. ஆண்டிபயாடிக் நீங்களா வாங்கி தண்ணில கலக்காதீங்க, செத்த குஞ்ச எடுத்துட்டுப் போயி கால்நடை ஆஸ்பத்திரில அறுத்துப் பாக்கச் சொல்லுங்க. அடுத்த தடவ குஞ்சு வாங்கறப்ப ஒவ்வொண்ணையும் திருப்பி தொப்புள் மூடியிருக்கான்னு பாருங்க, கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பாருங்க.

கால் ரெண்டும் பொளந்துக்கிட்டு எந்திரிக்க முடியல.

நியூஸ்பேப்பர் வெறுமனே விரிச்சிருப்பீங்க, வழுக்கும். சணல் சாக்கு போடுங்க. காலுக்கு நடுவுல ஒரு விரல் கடை எடம் விட்டு பேண்ட்எய்ட் துண்டால ரெண்டையும் சேத்து ஒட்டுங்க, பொரிச்ச ரெண்டு மூணு நாளுக்குள்ள செஞ்சா பெரும்பாலும் சரியாகிடும். விரல் உள்பக்கம் சுருண்டா அது வேற, பி2 வைட்டமின் கொறை.

நம்ம பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) தோல் சும்மா கெடைக்குது, கீழ போடலாமா? போட்டதுலேர்ந்து குஞ்சு வாயத் தொறந்து மூச்சு வாங்குது, ஆனா கொரகொரன்னு சத்தம் இல்ல.

தோல் நல்லது தான், ஆனா நனைஞ்சு பூத்ததா இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பாருங்க, பூஞ்சை வாடை வந்தா, தூசி பச்சையா பறந்தா அதான் காரணம். பூஞ்சை நுரையீரல்ல எறங்கினா மருந்து கேக்காது, இன்னிக்கே மொத்தத்தையும் வாரி வெளில போடுங்க. ரெண்டு வெயில்ல காயவெச்ச புது உமி போடுங்க. தண்ணி சிந்தற எடத்த தெனம் மாத்துங்க, ஈரம் இருந்தா குஞ்சுக்கு மூணு வார வயசுக்கு மேல ரத்தக் கழிச்சலும் வரும்.

மே மாசம் காட்பாடில மொட்டை மாடில வளக்கறேன், பல்பு வேணுமா?

அக்னி வெயில்ல பகல்ல வேணவே வேணாம், மாடியும் வேணாம், கீழ நெழலுக்குக் கொண்டாங்க. ராத்திரிக்கு மட்டும் பல்பு.

வெள்ளைக் கழிச்சல் ஊசி எப்ப போடறது?

பொரிச்ச 7ஆம் நாள் லசோட்டாங்கற தடுப்பு மருந்து, கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. 8ஆவது வாரம் றெக்கைல அதே நோய்க்கு ஆர்2பிங்கற தடுப்பு ஊசி. இந்த வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு ராணிகெட்னு இன்னொரு பேர் வந்தது இமயமலைப் பக்கத்து ராணிகேத் ஊரால, ஆனா அதுக்கான தடுப்பு மருந்து நம்ம ராணிப்பேட்டைல 1932லேர்ந்து இருக்கற கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்துலயே தயாராகுது, அப்பிடியிருந்தும் நம்ம ஊர்ல போடாம விட்டு கூண்டோட இழக்கறது எனக்குப் பொறுக்கல. ஃபிளாஸ்க்ல ஐஸ் போட்டு வாங்கிட்டு வாங்க, கலந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சுடுங்க. தொவண்டிருக்கற குஞ்சுக்கு அன்னிக்குப் போடாதீங்க, தேறினப்புறம் போடுங்க.